நல்ல எண்ணம் ஏன் இரண்டு வாரத்தில் வடிந்துவிடுகிறது?

கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். "எனக்குக் கடவுள் நம்பிக்கை உண்டு. கோயிலுக்குப் போய்விட்டு வரும்போதெல்லாம் நாலு பேருக்கு உபயோகமாக இருக்க வேண்டும் என்று மனசு பொங்குகிறது. இரண்டு வாரம் ஏதாவது செய்கிறேன். அப்புறம் வேலை, பிள்ளைகள் என்று நின்றுபோகிறது. நல்ல எண்ணத்தை அன்றாடச் சேவையாக மாற்ற, நம்பிக்கை எப்படி உதவும்?"

பொங்குகிற மனசை நம்பி எதையும் தொடங்காதீர்கள். பொங்கினது அடங்கத்தான் செய்யும், அதில் உங்கள் தப்பு ஒன்றும் இல்லை. எந்தக் கிழமை, எத்தனை மணி, எந்த இடம், என்ன வேலை என்று நான்கையும் முடிவு செய்துவிட்டு, மனசு வந்தாலும் வராவிட்டாலும் போய் நில்லுங்கள். பக்தி மரபுகள் சேவையை நூற்றாண்டுக்கணக்கில் காப்பாற்றி வந்திருப்பது இப்படித்தான். மனசை உருக்குவது பாட்டின் வேலை. மறுநாள் காலையில் ஆளை எழுப்பிக் கூட்டிப்போவது முறை. நம்மில் பலரும் முதலாவதை எடுத்துக்கொண்டு இரண்டாவதை விட்டுவிடுகிறோம்.

திலகவதியாரைப் பாருங்கள். அப்பரின் அக்கா. பெற்றோர் இறந்து, மணம் பேசியிருந்தவரும் போரில் இறந்தபின், திருவதிகைக் கோயிலில் கூட்டுவது, மெழுகுவது, பூத்தொடுப்பது என்று இருந்தவர். தம்பி சமணத்துக்குப் போய்ப் பெரிய ஆளாகி, கடைசியில் தாங்க முடியாத சூலை நோயோடு ராத்திரியில் அக்கா காலில் வந்து விழுகிறார். சேக்கிழார் சொல்லும் அடுத்த காட்சிதான் எனக்குப் பிடித்தது. அக்கா திருநீறு கொடுக்கிறார். பொழுது விடியப்போகிறது. துடைப்பம், சாணம், தண்ணீர்த் தோண்டி மூன்றையும் எடுத்துக்கொண்டு வழக்கம்போலக் கோயிலுக்குக் கிளம்புகிறார், தம்பியையும் கூடவே அழைத்துக்கொண்டு. வீட்டில் அவ்வளவு பெரிய விஷயம் நடந்திருக்கிறது, அன்றைக்கும் கூட்டுகிற வேலைக்கு விடுப்பு இல்லை. அந்த நடையின் முடிவில்தான் அப்பரின் முதல் பதிகம் பிறக்கிறது.

பின்னாளில் அப்பர் திருவாரூரில் தன் நெஞ்சுக்குச் சொல்லும் ஒரு பாட்டு உண்டு. நிலைபெற வேண்டும் என்று நினைத்தால் நீ வா, தினமும் கோயிலுக்குப் போ, விடிவதற்கு முன்னால் கூட்டு, மெழுகு, பூமாலை கட்டு என்று போகும். படித்துப் பார்த்தால் வேலை அட்டவணை மாதிரியே இருக்கும். வேலை இன்னது, நேரம் இன்னது, தினமும் என்று மூன்றும் அதில் இருக்கின்றன. அக்காவிடம் பார்த்ததைத்தான் பாடினார் என்று நினைக்கிறேன். அப்பர் சிலைகளில் கையில் இருக்கும் உழவாரமும் புல் செதுக்குகிற கருவிதான். கோயில் பிராகாரத்தில் புல் மறுபடி மறுபடி முளைக்கும். ஒரு தடவை செதுக்கிவிட்டுப் புண்ணியம் சேர்ந்துவிட்டது என்று வீட்டுக்குப் போக முடியாது.

"இப்படி முறை வைத்துச் செய்தால் அது கடனே என்று செய்வதாகிவிடாதா? அன்பு எங்கே?" என்று கேட்பீர்கள். ஆகும். சில நாள் கடனே என்றுதான் போவோம். அதற்கும் அப்பரிடமே பதில் உண்டு. கடம்பூரில் பாடும்போது, என்னைத் தாங்குவது அவன் கடன், பணி செய்து கிடப்பது என் கடன் என்று கணக்கைப் பிரித்து வைத்துவிட்டார். பலன் வருமா, மனம் உருகியதா, நான்கு பேர் பார்த்தார்களா என்பதெல்லாம் நம் பக்கத்துக் கணக்கில் வராது. நம்பிக்கை உள்ளவருக்கு இருக்கிற பெரிய வசதி இதுதான். பாதிச் சுமையை இறக்கிவைக்க ஓர் இடம் இருக்கிறது. பாராட்டு வராததால் சோர்ந்து நிற்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அந்தச் சோர்வைத் தாண்ட இந்தப் பிரிவினை உதவும்.

அப்பர் காலத்துப் பணி இன்றும் நடக்கிறது. தமிழ்நாட்டில் பல ஊர்களில் உழவாரப்பணிக் குழுக்கள் இருக்கின்றன, மாதம் ஒரு ஞாயிறு என்று வைத்துக்கொண்டு. நீங்கள் சிவபக்தர் என்றால் தொடங்க நல்ல இடம். போகும் முன் சில விஷயங்கள் தெரிந்திருக்கட்டும். அர்ச்சகரிடமும் செயல் அலுவலரிடமும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும். தொல்லியல் துறைப் பாதுகாப்பில் உள்ள கோயில் என்றால் அந்தத் துறையின் அனுமதி இல்லாமல் கை வைக்கக் கூடாது. அரிவாள், மண்வெட்டி, துடைப்பம், சாக்கு எல்லாம் நாமே கொண்டுபோவதுதான் மரியாதை. விளக்குகளுக்குப் புளி போதும். கல் தூணில் படிந்த எண்ணெய்ப் பிசுக்கைப் போக்குகிறேன் என்று ஆசிட் ஊற்றுவது, கல்வெட்டு இருக்கும் சுவரில் சுண்ணாம்பு அடிப்பது, கம்பி பிரஷ் போட்டுத் தேய்ப்பது, இவை மூன்றும் பக்தியின் பெயரால் நடக்கிற அழிவு. ஆயிரம் வருஷம் நின்ற எழுத்தை ஒரு ஞாயிற்றுக்கிழமையில் போக்கிவிடலாம். விமானத்தில் முளைத்திருக்கும் அரச, ஆலங்கன்று சிறியதாக இருக்கும்போது எடுப்பது சுலபம். வேர் கல்லுக்குள் போய்விட்டால் இழுக்காதீர்கள், கல்லும் சேர்ந்து வரும். அதைத் தெரிந்த ஸ்தபதியிடம் விட்டுவிட வேண்டும். ஆர்வத்தோடு அறிவும் வேண்டும் என்று சொல்ல இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

சரி, கோயில் வேலை மனிதருக்குச் செய்யும் சேவை ஆகுமா என்ற கேள்வி வரும். சாப்பாட்டுக்கு வருவோம்.

வடலூரில் வள்ளலார் 1867ஆம் ஆண்டு மே 23ஆம் தேதி சத்திய தருமச்சாலையைத் தொடங்கினார். அதற்கு நிலம் கொடுத்தவர்கள் அந்த ஊர் மக்கள். அன்று மூட்டிய அடுப்பு இன்றுவரை அணைய விடப்படவில்லை. வாடிய பயிரைக் கண்டு வாடினேன் என்று பாடியவர் என்றுதான் நாம் அவரை எடுத்த எடுப்பில் சொல்வோம். ஆனால் வாடியதோடு அவர் நிற்கவில்லை. வாட்டம் ஒரு கட்டடமாக, ஓர் அடுப்பாக, நெல் வரும் வழியாக, பரிமாறும் ஆட்களாக மாறியது. இந்த மாற்றத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். தினமும் வருகிறவர்களுக்குச் சாதம் போட வேண்டும் என்றால் விறகு வேண்டும், அரிசி அளந்து போட ஆள் வேண்டும், விடியற்காலையில் எழுந்து உலை வைக்கிறவர் வேண்டும், எச்சில் இலை எடுப்பவர் வேண்டும். இந்த வேலை எதிலும் பரவசம் கிடையாது. அவர் 1874இல் மேட்டுக்குப்பத்தில் அறைக்குள் சென்று கதவைச் சாத்திக்கொண்டார். அடுத்த இரண்டு ஆண்டுகளில் தென்னாட்டை 1876-78 பெரும்பஞ்சம் பிடித்தது. தொடங்கியவர் இல்லாத காலத்திலும் அடுப்பு எரிந்தது என்பதுதான் அவர் அமைத்த முறைக்குச் சாட்சி. இன்றும் விவசாயிகள் மூட்டை மூட்டையாக அரிசியும் காய்கறியும் கொண்டுவந்து இறக்குவதை அங்கே பார்க்கலாம். யார், எந்தச் சாதி, எந்த மதம் என்று கேட்காமல் உட்காரவைத்துப் போடுகிறார்கள்.

வள்ளலார் உரைநடையில் எழுதிய ஜீவகாருண்ய ஒழுக்கத்தை, பாடல்களை மட்டும் படித்தவர்கள் அவசியம் படிக்க வேண்டும். குடும்பஸ்தர்களுக்கு அதில் ஓர் இடம் மிக முக்கியம். தன்னை நம்பி இருக்கும் குடும்பத்தைப் பசியில் விட்டுவிட்டு அயலாருக்குப் பசி நீக்கக் கிளம்புவது கடவுளுக்குச் சம்மதம் இல்லை என்கிறார். அதே மூச்சில், அயலாரைப் பசியில் விட்டுவிட்டுக் குடும்பத்துக்கு மட்டும் பார்த்துக்கொள்வதும் சம்மதம் இல்லை என்கிறார். இரண்டு பக்கமும் கதவை அடைத்துவிட்டார். அவர் காட்டும் வழி, வீட்டுச் செலவைக் கொஞ்சம் சுருக்கி அதில் மிச்சமாவதைக் கொடுப்பது. நாம் சேவை என்றதும் இருப்பதெல்லாம் கொடுத்த பெரியவர்களை நினைத்து மிரண்டுவிடுகிறோம். சம்பளக்காரருக்கான வழியும் அவரிடம் இருக்கிறது.

அதைவிடச் சின்ன வழியும் உண்டு. பிடி அரிசி. தினமும் உலை வைக்கும் முன் ஒரு பிடி அரிசியைத் தனியாக ஒரு பானையில் போடுவது. சாப்பிடும்போது பிறருக்கு ஒரு கைப்பிடி என்று திருமூலர் சொன்னது எல்லோருக்கும் தெரிந்ததுதான். காஞ்சிப் பெரியவர் சந்திரசேகரேந்திர சரஸ்வதி அதை வீட்டு அளவில் ஒரு திட்டமாகவே சொன்னார். வீட்டுக்கு வீடு தினம் ஒரு பிடி அரிசி, கூட ஒரு காசு. வாரம் ஒரு முறை தெருக்காரர்கள் போய் வாங்கிச் சேர்ப்பார்கள். வருமானம் இல்லாத கோயில்களில் நைவேத்தியமாகி ஏழைகளுக்குப் போகும்.

இதே யோசனை முழுக்க வேறொரு மண்ணில், வேறொரு மதத்தில் தனியாக வளர்ந்திருக்கிறது. மிசோரமில் கிறிஸ்தவப் பெண்கள் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து, சமைக்கும் ஒவ்வொரு வேளையும் ஒரு பிடி அரிசியைச் சபைக்கு என்று எடுத்துவைக்கிறார்கள். அதற்கு அவர்கள் வைத்த பெயர் புஹ்ஃபாய் தாம். அதைச் சேகரித்து விற்று வரும் பணம் சபைப் பணிகளுக்குப் போகிறது. பணக்கார ஊரும் அல்ல, மலை நாடு. ஏதோ ஒரு நாள் உணர்ச்சிவசப்பட்டு மூட்டையாகக் கொடுத்திருந்தால் அந்த ஆண்டோடு முடிந்திருக்கும். அடுப்பு மூட்டும்போதெல்லாம் கை தானாகப் பானைக்குப் போனதால் நூறு வருஷத்துக்கு மேல் ஓடுகிறது. இங்கே கவனிக்க வேண்டியது, புதிதாக ஒரு வேளையை அவர்கள் ஒதுக்கவில்லை. ஏற்கெனவே தினமும் செய்கிற சமையலோடு கொடுப்பதைக் கட்டிப்போட்டார்கள். நீங்களும் அப்படியே செய்யலாம். காலையில் சாமி விளக்கு ஏற்றும் பழக்கம் இருந்தால், விளக்குப் பக்கத்தில் ஒரு டப்பா போதும். விளக்கு ஏற்றாத வீட்டில் டப்பாவும் நிற்காது என்பதால்தான் நம்பிக்கை இங்கே உதவுகிறது.

நம் ஊர் பள்ளிவாசல் நோன்புக் கஞ்சியையும் சொல்லாமல் விட முடியாது. ரமலான் மாதத்தில் மதியத்துக்கு மேல் பெரிய தேக்சாக்களில் அரிசி, பாசிப்பருப்பு, வெந்தயம், பூண்டு, இஞ்சி, தேங்காய்ப்பால் எல்லாம் சேர்ந்து கொதிக்கிற வாசனை தெருமுனைக்கே வரும். பிற்பகல் அசர் தொழுகை முடிந்ததும் தூக்குவாளியோடு பிள்ளைகள் வரிசையில் நிற்பார்கள். முஸ்லிம் வீட்டுப் பிள்ளைகள் மட்டும் இல்லை, அந்தத் தெருவில் யார் நின்றாலும் ஊற்றுவார்கள். பல ஜமாஅத்களில் இன்ன நாள் கஞ்சி இன்னார் செலவு என்று பிரித்துக்கொள்வார்கள். ஒரு குடும்பத்துக்கு ஒரு நாள். பெரிய செலவு முப்பது பேர் தோளில் இறங்கிவிடுகிறது, யாரும் முறிவதில்லை. இஸ்லாத்தில் கட்டாயக் கொடையான ஜகாத்தின் கணக்கும் அப்படித்தான். வரம்புக்கு மேல் சேமிப்பு இருந்தால் ஆண்டுக்கு இரண்டரை சதவீதம். எவ்வளவு கொடுக்கலாம் என்று ஒவ்வொரு முறையும் மனசோடு மல்லுக்கட்ட வேண்டிய அவசியம் இல்லை. நம் பலவீனமே அந்தப் பேரத்தில்தான் இருக்கிறது. கோயில் உண்டியல் முன் நின்று பத்து ரூபாயா இருபதா என்று யோசித்தவர்களுக்குத் தெரியும்.

இன்னும் ஒருவர். மதுரை டாக்டர் கோ. வெங்கடசாமி. அரவிந்தரின் பக்தர். இளவயதில் வந்த மூட்டுவாதத்தில் விரல்கள் கோணிப்போனவை. அந்த விரல்களோடு கண் அறுவைச் சிகிச்சை பழகி, அரசுப் பணியில் ஓய்வு பெற்றபின் 1976இல் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். அவரை மகான் என்று சொல்லிக் கும்பிட்டுவிட்டுப் போவது சுலபம். அவர் செய்ததில் பாதி நிர்வாகம். கட்டணம் கொடுக்கிறவர்களிடம் வரும் பணத்தில் கொடுக்க முடியாதவர்களுக்குச் சிகிச்சை. ஒரு டாக்டர் ஒரு அறுவை முடித்ததும் அடுத்த நோயாளி தயாராக இருக்கும்படி மேசைகள். கண்ணுக்குள் வைக்கிற லென்ஸ் வெளிநாட்டிலிருந்து வாங்கினால் ஏழைக்குக் கட்டுப்படியாகாது என்று, 1992இல் ஆரோலேப் என்ற பெயரில் இங்கேயே தயாரிப்பு. காலையில் தியானம் செய்தவர், அதற்கப்புறம் நாள் முழுக்கக் கணக்குப் பார்த்தார். கடவுள் பார்த்துக்கொள்வார் என்று லென்ஸ் விலையை அவர் விட்டுவிடவில்லை.

வேலூரில் ஐடா ஸ்கடர் அம்மையார் கதையும் இதே பக்கம்தான் போகும். திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று பிரசவப் பெண்கள் பெண் மருத்துவர் இல்லாமல் இறந்ததைப் பார்த்து, டாக்டராக வேண்டும் என்று அமெரிக்கா போய்ப் படித்துத் திரும்பியவர். 1900இல் ஒரே ஒரு படுக்கையோடு மருத்துவமனையைத் தொடங்கினார். அந்த இரவைப் பற்றித்தான் எல்லோரும் பேசுவார்கள். எனக்குப் பெரிதாகத் தெரிவது அதற்குப் பிறகு நடந்த சாலையோர மருத்துவம். குடியாத்தம் சாலையில் வாரா வாரம் வண்டி போகும், மரத்தடியில் நோயாளிகள் காத்திருப்பார்கள். வண்டி வரும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்ததால்தான் காத்திருந்தார்கள்.

இனி உங்கள் வாரத்துக்கு வருவோம்.

உங்களுக்குப் பிடித்ததைத் தேர்ந்தெடுக்காதீர்கள். உதவி தேவைப்படுகிற இடத்தில் எதற்கு ஆள் இல்லை என்று கேட்டுவிட்டுத் தேர்ந்தெடுங்கள். குழந்தைகள் இல்லங்களுக்கு தீபாவளிக்கும் ஜனவரி 1க்கும் இனிப்பு குவியும். ஞாயிற்றுக்கிழமை மூன்று வேளைக்கும் அன்னதானக்காரர்கள் முன்பதிவு செய்திருப்பார்கள், பிள்ளைகள் ஒரே நாளில் மூன்று பிறந்தநாள் பாட்டுப் பாட வேண்டியிருக்கும். அங்கே போய் "செவ்வாய்க்கிழமை சாயங்காலம் கணக்குச் சொல்லிக்கொடுக்க ஆள் இருக்கிறார்களா?" என்று கேட்டுப்பாருங்கள். இல்லை என்றுதான் பெரும்பாலும் பதில் வரும். பார்வையற்ற மாணவர்களுக்குத் தேர்வு எழுதிக்கொடுக்கவும் அப்படித்தான். தேர்வு வேலைநாளில் பகலில் வரும், அப்போது ஆள் கிடைக்காது. வருஷத்தில் இரண்டு நாள் விடுப்பை அதற்கென்று ஒதுக்கிவைக்கலாம். ரத்ததானத்துக்கு நாள்காட்டியே வழி சொல்லும். ஆண்கள் மூன்று மாதத்துக்கு ஒரு முறை, பெண்கள் நான்கு மாதத்துக்கு ஒரு முறை கொடுக்கலாம். 18 முதல் 65 வயது, 45 கிலோவுக்குக் குறையாத எடை, உடல்நிலை சரியாக இருக்க வேண்டும். பண்டிகையையோ விரத நாளையோ ஒட்டி ஒரு தேதி வைத்துக்கொண்டால் மறக்காது. ஆனால் உபவாசம் இருக்கும் நாளிலேயே போகாதீர்கள், சாப்பிட்டுவிட்டுத்தான் கொடுக்க வேண்டும்.

முதலில் சின்னதாக எடுங்கள், நாணும் அளவுக்குச் சின்னதாக. வாரம் ஒரு மணி நேரம் என்றால் ஒரு மணி நேரம்தான். உற்சாகத்தில் மூன்று மணி நேரம் இருந்துவிட்டால் அடுத்த வாரம் மூன்று மணி நேரம் இல்லை என்ற சாக்கு ரெடியாக வந்து நிற்கும். துணைக்கு ஒருவரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். வீட்டு வாசலில் வண்டியோடு ஒருவர் வந்து ஹாரன் அடித்தால் தூக்கம் தானாகக் கலையும்.

வீட்டைப் பற்றி ஒரு வார்த்தை. கணவர் ஞாயிறு முழுக்கக் கோயில் தொண்டு என்று போய்விட, மனைவி தனியாக வீட்டு வேலை, மாமியார் மருந்து, பிள்ளைகள் பாடம் எல்லாம் பார்ப்பதை நிறைய வீடுகளில் காண்கிறேன். அந்தத் தொண்டின் செலவை உண்மையில் கொடுப்பது அந்த அம்மாதான். வள்ளலார் சொன்ன இரண்டு பக்கக் கணக்கு இங்கேயும் செல்லும். போகும் நேரத்தை வீட்டில் உட்கார்ந்து பேசி முடிவு செய்யுங்கள். முடிந்தால் குடும்பமாகப் போங்கள்.

படம் எடுக்கும் விஷயத்தில் நான் கொஞ்சம் கறார். கோயில் சுத்தம் செய்த படம் போடுங்கள், இன்னும் நான்கு பேர் வருவார்கள். சாப்பாட்டுப் பொட்டலம் வாங்குகிற முதியவரின் முகத்தைப் போடாதீர்கள். இல்லக் குழந்தைகளின் அடையாளம் தெரியும்படி வெளியிடுவது சட்டப்படியே குற்றம். கொடுப்பதோடு மதப் பிரசாரத் தாளையும் சேர்த்து நீட்டுவது எந்த மதத்துக்காரர் செய்தாலும் எனக்கு ஒப்பவில்லை. பசியோடு வந்தவர் நம் கொள்கைக்குத் தலையாட்டியாக வேண்டும் என்ற நெருக்கடி அதில் இருக்கிறது.

நடுவில் விட்டுப்போகும். காய்ச்சல் வரும், ஊரில் கல்யாணம் வரும், மார்ச் மாதம் ஆபீஸ் வேலை கழுத்தை நெரிக்கும். ஒரு வாரம் விட்டால் அடுத்த வாரம் இரண்டு மடங்கு செய்து ஈடுகட்டப் பார்க்காதீர்கள், வழக்கமான நேரத்துக்கு வழக்கமான வேலைக்குப் போங்கள். வர முடியாது என்றால் மட்டும் முன்னாடியே ஃபோன் போட்டுச் சொல்லிவிடுங்கள். செவ்வாய்க்கிழமை கணக்கு நோட்டோடு ஒரு பையன் உட்கார்ந்திருப்பான்.